ஓடுகிறவனை மேலிருந்து பார்த்தால்

போன வாரம் காலை நடை முடிந்து வழக்கமான டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். பேப்பரில் ஒரு சங்கிலிப் பறிப்புச் செய்தி. பைக்கில் வந்த இரண்டு பேர் ஒரு அம்மாளின் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், போலீஸ் தேடுகிறது. அந்த நேரம் பார்த்து ஹெலிகாப்டர் ஒன்று காற்றாலைகளுக்கு மேலே உயரத்தில் கடல் பக்கமாகப் போனது. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "போலீசுக்கு இதுல ஒண்ணு குடுத்து, ஒரு துப்பாக்கியையும் மாட்டிவிடணும் வே. மேலருந்து ரெண்டு வெடி வச்சா எவன் ஓடுவான்?"

எல்லோரும் சிரித்தோம். எனக்கு அப்போது பதில் சொல்லத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் பழைய சங்கதிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இந்த யோசனை புதியது என்று நண்பர் நினைத்திருப்பார். நம் நாட்டில் இதற்கு நூறு வயது தாண்டிவிட்டது.

ஆரல்வாய்மொழி, ஓடியவர்களையும் துரத்தியவர்களையும் நிறையப் பார்த்த ஊர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து நாஞ்சில் நாட்டுக்குள் வர வாசல் இந்தக் கணவாய்தான். 1809 பிப்ரவரி 10ஆம் தேதி கர்னல் செயின்ட் லெஜரின் கம்பெனிப் படை இங்கிருந்த கோட்டையைப் பிடித்தது. மேஜர் வெல்ஷ் ஆட்களோடு இரவில் மலைப்பக்கமாக ஏறி வந்து மதிலைக் கைப்பற்றினார். அதற்குப் பிறகு தலக்குளத்துக்காரரான வேலுத்தம்பி தளவாய் தேடப்படும் ஆள் ஆனார். துரத்தல் மண்ணடி கோயிலில் அவர் உயிரை விட்டதில் முடிந்தது. அப்போதும் ஆத்திரம் தீராமல் உடலைத் திருவனந்தபுரம் கண்ணம்மூலைக்குக் கொண்டுபோய்த் தூக்கிக் கட்டினார்கள். கொடுமைதான். ஆனாலும் துரத்தியவர்களுக்குத் தாங்கள் யாரைத் துரத்துகிறோம் என்றாவது தெரிந்திருந்தது. 110 ஆண்டுகள் கழித்து ஆகாய விமானம் வந்தபோது அதுவும் இல்லாமல் போயிற்று.

1919 ஏப்ரல் 13 ஜாலியன்வாலாபாக் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் 14ஆம் தேதி, இன்று பாகிஸ்தானில் இருக்கும் குஜ்ரன்வாலாவில் நடந்ததை நம் பாடப் புத்தகங்கள் அதிகம் சொல்வதில்லை. அங்கே கூட்டம் கொதித்தெழுந்து ரயில் நிலையத்தையும் அரசுக் கட்டடங்களையும் கொளுத்தியது. லாகூரிலிருந்து உடனே படையை அனுப்ப வழியில்லை. ஆகவே விமானங்களை அனுப்பினார்கள். அந்த ஊரில் ராணுவச் சட்டம் அறிவிக்கப்படுவதற்கு முன்பே நடந்தது இது.

கேப்டன் கார்பெரி என்ற விமானி முதலில் ஊருக்கு வெளியே துல்லா என்ற கிராமத்தருகே சுமார் 150 பேர் கொண்ட கூட்டத்தைக் கண்டு குண்டு போட்டார். அவர்கள் கிராமத்துக்குள் திரும்பி ஓடியபோது இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார். பிறகு கால்சா பள்ளி அருகே நின்ற கூட்டத்தின் மீதும் குண்டும் துப்பாக்கிச் சூடும்.

இதை விசாரிக்க அமைந்த ஹண்டர் கமிட்டி கார்பெரியைக் கேட்டது: குற்றவாளி யார், அப்பாவி யார் என்று மேலிருந்து எப்படிப் பிரித்தறிந்தீர்கள்? தான் 200 அடி உயரத்தில்தான் பறந்ததாகவும், நன்றாகத் தெரிந்ததாகவும், அந்தக் கிராமத்தில் அப்பாவி என்று ஒருவரையும் தான் பார்க்கவில்லை என்றும் அவர் சொன்னார். ஓடிக்கொண்டிருந்தவர்களை ஏன் சுட்டீர்கள் என்பதற்கு, சிலரைக் கொன்றால் மற்றவர்கள் மறுபடி கூட மாட்டார்கள் என்பதே அவர் பதிலின் சாரம்.

200 அடி என்பது நல்ல தென்னை மரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு உயரம். அங்கிருந்து பார்த்தால் ஆள் தெரிவான், வேட்டி தெரியும், ஓடுவது தெரியும். எதற்காக ஓடுகிறான் என்பது எப்படித் தெரியும்?

கமிட்டியின் பெரும்பான்மை உறுப்பினர்கள், எல்லாரும் வெள்ளையர்கள், விமானம் பயன்படுத்தியதை அந்த நெருக்கடியில் தவறென்று சொல்லவில்லை. கலகக்காரர்கள் மற்ற வழிகளை அடைத்துவிட்டால், அரசு கையில் மிஞ்சியிருக்கும் பலத்திலிருந்து அவர்களுக்கு விலக்குத் தர முடியாது என்பது அவர்கள் வாதம். கிட்டத்தட்ட டீக்கடை வாதம்தான். சிமன்லால் சேதல்வாட், ஜகத் நாராயண், சுல்தான் அகமது என்ற மூன்று இந்திய உறுப்பினர்களும் உடன்படாமல் தனியாக அறிக்கை எழுதினார்கள். 1942 ஆகஸ்டில் ரயில் பாதைகளைச் சேதப்படுத்துவோரை விமானத்திலிருந்து சுட வைஸ்ராய் லின்லித்கோ அனுமதித்தபோது, அந்த மூவர் எழுதியதை யாரும் எடுத்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

சரி, அது வெள்ளைக்காரன் காலம், நம் ஆட்சியில் அப்படி வராது என்பீர்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சுதந்திரம் கிடைத்து ஏழு ஆண்டு ஆகியிருந்தது. பட்டம் தாணுப்பிள்ளையின் சோஷலிஸ்ட் ஆட்சி. சொந்தக் கட்சியின் மந்திரிசபையே ஆனாலும் பதவி விலக வேண்டும் என்று சிறையிலிருந்தபடி கேட்டார் ராம் மனோகர் லோகியா. கட்சி கேட்கவில்லை. எங்கள் அப்பா அந்த நாளைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும். துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பதைவிட, அதைத் தூக்குவதற்கு முன் என்னென்ன செய்தாக வேண்டும் என்பதுதான் முக்கியம் என்று எனக்கு அப்போதிருந்தே ஒரு எண்ணம்.

நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவன். வட்டாட்சியர் நிர்வாக நடுவர் என்ற முறையில் பந்தோபஸ்துக்குப் போகும்போது நாங்களும் பைலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவோம். கூட்டத்தைக் கலைக்க ஒரு வரிசை உண்டு. முதலில் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை. கலைய அவகாசம். பிறகு தடியடி, கண்ணீர்ப் புகை. மறுபடி எச்சரிக்கை. கடைசியாகத்தான் துப்பாக்கி, அதுவும் இடுப்புக்குக் கீழே, தேவையான அளவு மட்டும். எல்லா இடத்திலும் இது ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தவறினால் கேள்வி கேட்க ஒரு வரிசையாவது இருக்கிறது. ஹெலிகாப்டரிலிருந்து இதில் எதைச் செய்ய முடியும்? விசிறிச் சத்தத்தில் எச்சரிக்கை காதில் விழாது. சரணடைகிறேன் என்று கீழே இருப்பவன் கத்தினாலும் மேலே கேட்காது. நம் கணவாய்க் காற்றில் ஆடும் வண்டியிலிருந்து இடுப்புக்குக் கீழே குறி வைப்பதைப் பட்டாளத்து நண்பரே யோசித்துப் பார்க்கட்டும்.

1982இல் மண்டைக்காடு கலவரத்தை ஒட்டிய நாட்கள். ஊரடங்கு. நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு கிராமத்து முக்கில் போலீஸ் வேனோடு நின்றிருந்தோம். பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் தோப்புக்குள்ளிருந்து வெளியே வந்தான், எங்களைப் பார்த்ததும் திரும்பி ஓடினான். ஒரு காவலர் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார். பக்கத்தில் நின்ற வயதான ஏட்டையா குழாயைக் கையால் கீழே அழுத்திவிட்டு, "நில்லுலே, ஒண்ணும் செய்ய மாட்டோம்" என்று சத்தம் போட்டார். பையன் நின்றான். அக்காளுக்குப் பிரசவ வலி, மருத்துவச்சியைக் கூப்பிடப் போகிறான். அழுதுகொண்டே சொன்னான். ஏட்டையாவே கூடப் போய் அழைத்து வந்தார். அந்த ஏட்டையா பத்தடி தூரத்தில் நின்றதால் பையன் முகத்தைப் பார்த்தார். 200 அடி உயரத்தில் இருந்திருந்தால் முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

இப்போது நண்பர் சொன்னதை அப்படியே செய்து பார்த்த ஒரு இடத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், மெக்சிகோ எல்லைப் பக்கம். 2012 அக்டோபர் 25. நிற்காமல் ஓடிய ஒரு பிக்கப் வண்டியை மாநிலப் போலீஸ் ஹெலிகாப்டர் துரத்தியது. பின்பக்கம் துணி போட்டு மூடியிருந்ததால் போதைப்பொருள் என்று நினைத்தார்கள். டயரைச் சுட்டு நிறுத்துவதாக எண்ணி ஹெலிகாப்டரில் இருந்த காவலர் சுட்டார். துணிக்கு அடியில் இருந்தவை மூட்டைகள் அல்ல. பிழைப்புத் தேடி எல்லை தாண்டி வந்த மனிதர்கள். குவாத்தமாலா நாட்டவர் இருவர் செத்துப்போனார்கள். சில மாதங்களில் அந்தப் போலீஸ் துறை விதியை மாற்றியது: கொல்லும் ஆயுதத்தால் ஒருவன் பிறரைத் தாக்கும்போதோ தாக்கப் போகும்போதோ தவிர விமானத்திலிருந்து சுடக் கூடாது. இரண்டு உயிர் போன பிறகு எழுதிய விதி. நம் ஊரில் விடியற்காலையில் தார்ப்பாய் போட்ட டெம்போவில் செங்கல் சூளை வேலைக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இனி எனக்கு அந்த வண்டிதான் நினைவுக்கு வரும்.

நம் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவிலேயே உண்டு. 1973 சட்டத்திலும் தொடர்ந்தது. இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 43ஆம் பிரிவில் இருக்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்யும்போது கொல்ல உரிமை கிடையாது. புதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக்கென்றே இருக்கும் 304ஆம் பிரிவில் தண்டனை 3 ஆண்டு வரை. காயம் ஏற்படுத்திக் கொள்ளையடித்தால் கூடும். தாலியை இழந்த அந்த அம்மாளின் வலியை நான் குறைத்துச் சொல்லவில்லை. 3 ஆண்டு தண்டனைக்குரிய குற்றத்துக்கு நடுரோட்டில் உயிரை எடுக்கச் சட்டம் இடம் தரவில்லை என்கிறேன்.

கொலைகாரனாக இருந்தால்? நண்பர் அடுத்து அதைத்தான் கேட்பார், கேட்க வேண்டிய கேள்விதான். 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். மாவட்டமே கலங்கியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் தப்பிவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் கர்நாடகத்தில் உடுப்பி ரயில் நிலையத்தில் உயிரோடு பிடிபட்டார்கள். கேமரா காட்சிகள், பல மாநிலப் போலீசாரின் தகவல், பொறுமை, இவைதான் பிடித்தன. உயிரோடு பிடித்ததால்தான் பின்னால் இருந்தவர்கள் யார் என்று விசாரிக்கவும் முடிந்தது. செத்தவனிடம் வாக்குமூலம் வாங்க முடியாது.

ஹெலிகாப்டரில் இருப்பவர்களின் உயிருக்கும் பாதுகாப்பு வேண்டும், மறுக்கவில்லை. 2008 நவம்பரில் சத்தீஸ்கரில் தேர்தல் பணிக்குப் போன விமானப்படை ஹெலிகாப்டர் சுடப்பட்டு, அதிலிருந்த ஒரு வீரர் இறந்தார். அதன் பிறகு தற்காப்புக்காகத் திருப்பிச் சுட விமானப்படை அனுமதி கேட்டது. தன்னைச் சுடுகிறவனைத் திருப்பிச் சுடுவது ஒன்று, முதுகைக் காட்டி ஓடுகிறவனைச் சுடுவது வேறு. இரண்டையும் ஒரே துப்பாக்கிதான் செய்யும் என்பதால் விதியை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

இன்று ஹெலிகாப்டருக்குக் கூட வேலையில்லை. 2023இல் சென்னை அடையாறில் தமிழ்நாடு காவல்துறை ட்ரோன் பிரிவே தொடங்கிவிட்டது. தேடுவதற்கு, கடலில் சிக்கியவர்களைக் காப்பதற்கு, ஓடும் வண்டியைக் கண்ணால் பின்தொடர்வதற்கு நல்ல கருவி, வரவேற்கிறேன். ஆனால் 2024 பிப்ரவரியில் பஞ்சாப் – ஹரியானா எல்லையில் ஷம்பு என்ற இடத்தில் விவசாயிகள் மீது ட்ரோனிலிருந்து கண்ணீர்ப் புகைக் குண்டுகள் விழுந்தன. கண்ணாகப் பறந்தது கையாக மாற எத்தனை நாள் ஆயிற்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று. வேலைக் காலத்தில் சில வருடங்கள் இலங்கை அகதிகள் முகாமுக்குப் பணக்கொடை வழங்கும் வேலையாகப் போய் வந்தேன். ஒரு நாள் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது கடலோரமாக ஹெலிகாப்டர் ஒன்று போனது. நம் பிள்ளைகள் என்றால் கை காட்டிக்கொண்டு வெளியே ஓடுவார்கள். அங்கே வரிசையில் நின்ற ஒரு வயதான அம்மா, பேரப்பிள்ளையை இழுத்து வேப்ப மரத்தோடு ஒட்டி நிறுத்திக்கொண்டார். சத்தம் அடங்கிய பிறகு, என்னம்மா என்று கேட்டேன். "ஹெலி வந்தா ஓடக் கூடாது தம்பி. ஓடினால் சுடுவாங்கள். அசையாமல் நிக்க வேணும்" என்றார். சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் டீக்கடையில் நண்பரிடம் இந்தக் கதையை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கேமரா மட்டும் போதும் வே" என்றார்.