கபாலா பயிலத் தொடங்குவோர் கேட்கும் கேள்விகள்

யூதர்களின் அந்தரங்க ஞான மரபாகிய கபாலாவின்மீது ஆவல் கொண்டு வருகிறவர்கள், அதன் தத்துவம் யாது என்று வினவுவதற்கு முன்பே, அதைப் பயிலத் தமக்கு அதிகாரம் உண்டா என்றே பெரும்பாலும் கேட்கிறார்கள். நாற்பது வயது நிரம்பாதவன் அந்நூல்களைத் தொடலாகாது என்றும், தொட்டால் சித்தம் கலங்கும் என்றும் உலவும் பேச்சு அவர்கள் காதிலும் விழுந்திருக்கிறது. இவ்வச்சத்தை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுவது நியாயமன்று. அதைச் சாசுவதமான சாஸ்திர விதியாகக் கொள்வதும் சரித்திரத்துக்குப் பொருந்தாது.

யூதச் சட்டத் தொகுப்பாகிய பழைய மிஷ்னாவில், ஹகிகா என்னும் பகுதியில், எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட தெய்வ ரதத்தின் ரகசியத்தை, தானே உணரவல்ல ஞானி அல்லாத ஒருவனுக்குத் தனிமையிற்கூட உபதேசிக்கலாகாது என்ற கட்டுப்பாடு காணப்படுகிறது. அப்பகுதிக்கு விரிவாக அமைந்த தல்மூத், ஞானத் தோட்டத்துள் புகுந்த நால்வரின் கதையைச் சொல்கிறது: பென் அஸ்ஸாய் மாண்டார், பென் ஸோமா புத்தி பேதலித்தார், எலீஷா பென் அபூயா நெறி பிறழ்ந்தார், ரப்பி அகீவா ஒருவரே சேமமாகப் புகுந்து சேமமாக மீண்டார். இவற்றில் வயதுக் கணக்கு ஏதும் இல்லை. கல்வியும் மனத்திண்மையுமே கேட்கப்படுகின்றன. வயதெல்லை வலுப்பெற்றது வேறொரு துயரத்தினால். 1665-இல் ஷப்தாய் ஸ்வி என்பவர் தம்மை மெசாயா என்று பிரகடனம் செய்ய, அவருடைய உரிமை கபாலாவின் சொற்களைக் கொண்டே நிலைநாட்டப்பட்டு, யூத சமூகங்கள் பலவும் பரவசத்தில் ஆழ்ந்திருந்தபோது, மறு ஆண்டே அவர் துருக்கி சுல்தானின் முன்னிலையில் இஸ்லாத்தைத் தழுவினார். அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் அதன் வாரிசாக ஜேக்கப் ஃபிராங்கின் கூட்டமும் தலையெடுக்கவே, 1756-இல் பிரோடி நகரில் கூடிய ரப்பிமார், முப்பது வயதுக்கு முன் கபாலா நூலாகிய ஸோஹரையும், நாற்பதுக்கு முன் கபாலா ஆசான் ஐசக் லூரியாவின் உபதேசங்களையும் பயிலலாகாது என்று தடை விதித்தனர். நோய்க்கு இட்ட பத்தியம் அது. லூரியாவோ 1572-இல் தமது முப்பத்தெட்டாம் வயதிலேயே கொள்ளைநோயால் காலமானவர். அவருடைய உபதேசங்களை உலகுக்கு எழுதிவைத்த சீடர் ஹயீம் வித்தால், அவர் காலடியில் அமர்ந்தபோது முப்பதை எட்டாதவர். ஆகவே வயதைப் பற்றிக் கேட்பவருக்கு நான் கூறத்தக்கது இதுவே: பிறந்த ஆண்டைப் பற்றிய கவலையை விடுக; ஹகிகா கேட்கும் நிதானம் உம்மிடம் உண்டா என்பதை மட்டும் சோதித்துக்கொள்க.

அடுத்த கேள்வி, எதைப் படிப்பது என்பது. பெரும்பாலோர் ஸோஹரின் பெயரைக் கேள்வியுற்று, அதையே நேரே திறந்து, இரண்டாம் ஏட்டிலேயே திகைத்து நின்றுவிடுகிறார்கள். அந்நூல் 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினின் காஸ்டீல் நாட்டில் வெளிப்பட்டது; இரண்டாம் நூற்றாண்டின் முனிவரான ஷிமோன் பார் யோஹாயின் வாக்கு என்று மரபு அதைப் போற்ற, 1305-இல் காலமான மோசஸ் டெ லியோனே அதன் பெரும்பகுதியை இயற்றியவர் என்று ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெம் தமது 1941-ஆம் ஆண்டுப் பெருநூலில் நிறுவினார். பெரிதும் அரமேய மொழியில் அமைந்த ஸோஹர், மோசேயின் ஐந்து ஆகமங்களுக்கு வியாக்கியானமாகவே நடைபெறுகிறது. அவ்வாகமங்களின் கதையும் விதியும் அறியாதவனுக்கு வியாக்கியானம் என்ன பயன் தரும்? எனவே, ஆதியாகமத்தையும் யாத்திராகமத்தையும் நன்கு வாசித்திராத ஒருவர் ஸோஹரைக் கையிலெடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். மொழி அறியாமை அத்துணைப் பெரிய தடையன்று. 1931 முதல் 1934 வரை லண்டனில் வெளிவந்த ஐந்து தொகுதி மொழிபெயர்ப்பும், அண்மையில் டேனியல் மாட் தொடங்கிப் பன்னிரண்டு தொகுதிகளாக நிறைவெய்திய உரையுடன் கூடிய மொழிபெயர்ப்பும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன.

தத்துவத்தின் சாரத்தைச் சொல்லாமல் மேற்செல்ல இயலாது. எல்லையற்ற பரம்பொருளை ‘ஏன் ஸோஃப்’ என்னும் பெயரால் அழைப்பர். அது சிந்தைக்கும் சொல்லுக்கும் எட்டாதது. அது தன்னை வெளிப்படுத்தும் பத்து நிலைகளே ஸெஃபிரோத்: கெதர் என்னும் மகுடம், ஹொக்மா என்னும் ஞானம், பினா என்னும் விவேகம், ஹெஸெத் என்னும் அருள், கெவுரா என்னும் கண்டிப்பு, இவ்விரண்டையும் இணக்கும் திஃபெரெத் என்னும் எழில், அப்பால் நெத்ஸாக், ஹோத், யெஸோத், இறுதியில் இவ்வுலகைத் தொடும் மல்குத் என்னும் அரசு. பத்து என்றால் பத்துத் தெய்வங்களா என்று தொடக்கத்தில் எவருக்கும் ஐயம் எழும். கபாலா அறிஞர் மோசஸ் கோர்டோவேரோ தமது பர்தேஸ் ரிம்மோனிம் நூலில் இதற்கு விடை தருகிறார்: பல வண்ணக் கலங்களில் வார்த்த நீர் அந்தந்த நிறமாகத் தோன்றினும் நீரில் மாறுதல் இல்லை. இந்த விடையை உள்வாங்காமல் பத்துப் பெயர்களையும் வட்டமும் கோடுமாக வரைந்து மனப்பாடம் செய்வோர் சித்திரம் கற்கிறார்களேயன்றிக் கபாலாவைக் கற்கவில்லை.

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலையான கேள்விக்கு வருகிறேன்: கற்றதை அன்றாட வாழ்வில் எங்ஙனம் கைக்கொள்வது? முதலில் கற்றுப் பின்னர் வாழ்வது என்று இவ்வினா எண்ணுகிறது. ஆனால் கபாலாவின் கொள்கைப்படி மனிதனின் செயல் மேலுலகை அசைக்கவல்லது. ஆதலால் நடத்தை கல்வியின் பயனன்று, கல்வியின் அங்கமே. இதை நன்கு விளக்குவது கலிலேயா மலைமீதுள்ள சஃபேத் நகரின் வரலாறு. 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் சந்ததியார் 16-ஆம் நூற்றாண்டில் அங்குக் கூடினர். யூத தர்ம சாஸ்திரமாகிய ஷுல்கான் ஆருக்கை இயற்றிய ஜோசப் காரோவும், அவரிடம் தர்ம சாஸ்திரம் பயின்ற கோர்டோவேரோவும் வாழ்ந்த ஊர் அது. சட்டம் ஒருவர், ரகசியம் வேறொருவர் என்று அங்குப் பிரிவினை இருந்ததில்லை. காரோவே இரவுகளில் தெய்வீகக் குரல் கேட்டுக் குறிப்பெழுதியவர்.

இருபது வயதளவில் தமது மைத்துனர் ஸாலமன் அல்கபேத்ஸிடம் கபாலா பயிலத் தொடங்கி, 1548-இல், இருபத்தாறு வயதுக்குள் பர்தேஸ் ரிம்மோனிம் என்னும் பெருநூலை முடித்த கோர்டோவேரோ, தோமெர் தெவோரா என்ற சிறு நூலையும் எழுதினார்; அவர் மறைந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் 1588-இல் அது வெனிஸ் நகரில் அச்சேறியது. பத்து அத்தியாயங்கள், ஒவ்வொரு ஸெஃபிராவுக்கும் மனிதன் தன் நடத்தையால் எவ்வாறு ஒப்பாவது என்பதே பொருள். தொடக்கமே வாசகனை உலுக்குகிறது. பாவம் செய்கிறவனுக்கும், அவன் பாவம் செய்கிற அக்கணத்திலேயே, உயிரையும் கையசைக்கும் வலிமையையும் இறைவன் அருளிக்கொண்டிருக்கிறான். தன்னை நிந்திக்கும் கையையும் அவனே தாங்குகிறான். ஆகவே உன்னை அவமதித்தவனுக்கு நீ செய்துவந்த உதவியை, அவன் அவமதிக்கும் வேளையிலும் நிறுத்தாதே என்பது அவர் கூறும் கருத்து. கெதருக்குரிய அத்தியாயத்தில் நெற்றியில் கடுமை கூடாது, காது தீயதை ஏற்கலாகாது, முகம் வருவோரை மலர்ந்து வரவேற்க வேண்டும் என்று உறுப்புறுப்பாகப் பேசுகிறார். ஹொக்மாவுக்குரிய அத்தியாயம், எவ்வுயிரையும் இகழாமை, தேவையின்றிச் செடியைப் பிடுங்காமை, உயிரைக் கொல்லாமை என்பன வரை விரிகிறது. அருளுக்குரிய அத்தியாயத்தில் நோயாளியைப் பார்ப்பது, விருந்தோம்புவது, இறந்தவரை அடக்கம் செய்வது ஆகியவை இடம்பெறுகின்றன. இறுதி அத்தியாயம், நள்ளிரவில் எழுவது தொடங்கிக் காலை வழிபாடு, உணவு என ஒரு நாளின் பொழுதுகளை ஸெஃபிரோத்துடன் பொருத்திக் காட்டுகிறது. இந்நூலை வாசித்தபின், அன்றாட வாழ்வு கபாலாவின் புறம்பான பிரயோகம் என்று எவரும் கருதமாட்டார்.

கோர்டோவேரோ தம் சகபாடிகளுக்கு வகுத்தளித்த ஒழுங்குகளும் இதையே வலியுறுத்துகின்றன: சினம் கொள்ளாதிருத்தல், விலங்குகள் உட்பட எந்த ஜீவனையும் குறைகூறாதிருத்தல், நாள்தோறும் தோழர் ஒருவருடன் பக்தி விஷயமாக உரையாடுதல், வெள்ளிக்கிழமை தோறும் அவ்வாரத்தின் செயல்களை அவருடன் ஆராய்ந்து பார்த்தல். ஆசிரியர் கிடைக்காதவர் என்ன செய்வது என்ற ஏக்கத்துக்கு இத்தோழமையே பெரிய ஆறுதல். எதிர்பாராத ஒருவரும் ஆசிரியராகலாம் என்பதற்கு ஸோஹரிலும் ஒரு கதை உண்டு. வழியெல்லாம் பிதற்றி வந்த கிழக் கழுதைக்காரன் ஒருவனைப் பற்றி ரப்பி யோஸே சலிப்போடு குறைசொல்ல, அவனையே அழைத்துக் கேட்டபோது அவன் மகா ஞானியாகி ஆழ்ந்த ரகசியங்களை விரித்துரைத்தான்.

செயலுக்குரிய இந்த இடத்தை லூரியாவும் உறுதிசெய்கிறார். அவர் நெறியில் சுருக்கம், கலங்களின் உடைவு, சீரமைப்பு என்னும் மூன்று கருத்துகள் முதன்மை பெறுகின்றன. இறைவன் தன்னைச் சுருக்கிப் படைப்புக்கு இடந்தந்தான். ஒளியைத் தாங்கமாட்டாத கலங்கள் உடைந்து, ஒளிப்பொறிகள் எங்கும் சிதறின. மனிதன் தன் கடமைகளால் அவற்றை உயர்த்துகிறான். உணவை ஆசியுரைத்து உண்பதும் இப்பணியில் அடங்கும். காலை வழிபாட்டுக்கு முன் பிறரிடம் அன்பு கொள்ளும் கட்டளையை மனத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று லூரியா பணித்ததாக வித்தால் எழுதுகிறார்.

ஆண்டுக் கணக்கிலும் பயிற்சி உண்டு. பஸ்கா தொடங்கி, வாரங்களின் பண்டிகை வரை எண்ணப்படும் நாற்பத்தொன்பது நாள்களில், ஏழு வாரங்களுக்கு ஹெஸெத் முதல் மல்குத் வரையுள்ள ஏழு ஸெஃபிரோத்தும், ஒவ்வொரு வாரத்தின் ஏழு நாள்களுக்கும் அவ்வேழும் மீண்டும் பொருத்தப்படுகின்றன. முதல் வாரத்தின் இரண்டாம் நாள் அருளுக்குள் கண்டிப்பு; எட்டாம் நாள் கண்டிப்புக்குள் அருள். பிள்ளையைக் கண்டிக்கும் தந்தை இவ்விரண்டின் வேறுபாட்டை ஒரு முறை உணர்ந்தால் போதும். நீண்ட விளக்கம் வேண்டியதில்லை.

தாயத்தும் சிவப்புக் கயிறும் அற்புதச் சக்தி தருமா என்று கேட்பவர்களும் உண்டு. மந்திரப் பிரயோகத்தை லூரியா விலக்கினார் என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

யூதர் அல்லாதவர் பயிலலாமா? இத்தாலியின் பீகோ தெல்லா மிரான்தோலா 15-ஆம் நூற்றாண்டிலேயே பயின்றார். ஆயினும் இம்மரபின் அநுஷ்டானம் யூத வேதத்தின் 613 கட்டளைகளோடு பிணைந்தது, அவற்றை மேற்கொள்ளாதவர் தாம் கபாலா நெறியில் வாழ்கிறோம் என்று கூறிக்கொள்வது பொருந்தாது; எனினும் பணிவோடு கற்கலாம். கோர்டோவேரோவின் சிறு நூலோ எவருக்கும் கதவடைக்கவில்லை. என்னைக் கேட்பவர்களுக்கு நான் வகுத்துத் தரும் வரிசை இது: முதலில் ஐந்து ஆகமங்கள்; உடன் தோமெர் தெவோராவின் முதல் அத்தியாயம், அதில் வரும் பதின்மூன்று இரக்கப் பண்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்று நடத்தையில் ஊன்றும்வரை அடுத்ததைத் திறவாமல்; பின்னர் ஷோலெமின் வரலாற்று நூல்; அதன்பின் ஸோஹர், உடன் படிக்க ஒரு தோழரோடு.