பாரிஸில் பயின்ற இந்திய ஓவியர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சில ஆண்டுகள் வரை, ஓவியம் கற்க வெளிநாடு சென்றவர்கள் பெரிதும் நாடிய நகரம் பாரிஸ். அங்கிருந்த அரசுக் கலைப்பள்ளியான எகோல் தே போசார் 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. 1868இல் தொடங்கிய அகாடமி ஜூலியன் போன்ற தனியார் ஓவியக்கூடங்களோ பெண்களையும் அயல்நாட்டவரையும் கட்டணம் பெற்றுச் சேர்த்துக்கொண்டன. மாணவர்கள் கூடத்தில் மாடலைப் பார்த்து வரைந்தார்கள். மற்ற நேரத்தில் லூவ்ர் அருங்காட்சியகத்திலும் ஓவிய விற்பனைக் கூடங்களிலும் பழைய, புதிய படைப்புகளைக் கண்டார்கள்.

இந்தியாவில் இதற்கு வாய்ப்புக் குறைவு. சென்னை, கல்கத்தா, பம்பாய்க் கலைப்பள்ளிகள் 1850களில் தோன்றியவை. அவற்றில் பிரிட்டிஷ் கல்விமுறை வேரூன்றியிருந்தது. 1922இல் கல்கத்தாவில் நடந்த கண்காட்சியில் பௌல் க்லே, காண்டின்ஸ்கி ஆகியோரின் படைப்புகள் வைக்கப்பட்டன. அது அரிய விதிவிலக்கு. பொதுவாக ஐரோப்பிய நவீன ஓவியம் அச்சுப் படங்களாகவே மாணவர்களை எட்டியது. அளவு, வண்ணப்பூச்சின் தடிமன், தூரிகை ஓடிய தடம் ஆகியவை அச்சில் தெரிவதில்லை.

அம்ரிதா ஷேர்-கில் 1929இல் பதினாறு வயதில் பாரிஸ் சென்றார். கிராண்ட் ஷோமியேர் கூடத்திலும், பின்னர் எகோல் தே போசாரில் லூசியன் சிமோனிடமும் பயின்றார். 1932இல் வரைந்த ‘இளம் பெண்கள்’ அவருக்குத் தங்கப் பதக்கம் பெற்றுத் தந்தது. பிரெஞ்சு ஓவியர்களான செசானும் கோகனும் அவரை ஈர்த்தார்கள். உருவத்தைச் சுருக்கி, வண்ணப் பரப்புகளாகக் காணும் அவர்களின் முறையில் பழகிய கண்ணுக்கு, அஜந்தாவின் சுவரோவியம் பழம்பொருளாகத் தோன்றவில்லை. அதே சிக்கல்களுக்கு முன்பே கிடைத்த தீர்வாகத் தெரிந்தது. நவீன ஓவியமே இந்தியக் கலையைத் தமக்குப் புரியவைத்தது என்று அவர் எழுதினார். 1934இல் நாடு திரும்பி, அஜந்தாவையும் கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களையும் நேரில் பார்த்தார். அதன் விளைவு 1937இல் வரைந்த ‘மணமகளின் ஒப்பனை’, ‘பிரம்மசாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்’ என்னும் மூன்று படங்கள்.

விடுதலைக்குப் பின் உதவித்தொகைகள் வழி திறந்தன. 1948இல் காஷ்மீரில் எஸ். எச். ரசாவின் படங்களைப் பார்த்த ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்டியே-பிரெசோன், அவற்றில் கட்டமைப்பு போதவில்லை, செசானைப் பயிலுங்கள் என்றார். ரசா பிரெஞ்சு மொழி கற்று, 1950இல் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் பாரிஸ் சென்றார். 1956இல் அங்குள்ள கலை விமர்சகர்களின் பரிசைப் பெற்றார். பின்னாளில் ‘பிந்து’ என்னும் புள்ளியை மையமாகக் கொண்டு வரைந்த படங்களில், பிரெஞ்சு ஓவியத்தில் கற்ற கட்டமைப்பும் இந்தியக் குறியீடும் இணைந்தன. ராம் குமார் அதே காலத்தில் ஆந்த்ரே லோத், ஃபெர்னான் லெஜே ஆகியோரிடம் பயின்றார்.

சென்னைக் கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்த கிருஷ்ண ரெட்டி, லண்டன் ஸ்லேடு பள்ளி வழியாகப் பாரிஸின் ‘அத்தெலியே 17’ அச்சோவியக் கூடத்தை அடைந்தார். ஸ்டான்லி வில்லியம் ஹெய்ட்டர் நடத்திய அக்கூடத்தில், வெவ்வேறு பிசுபிசுப்புள்ள மைகளை ஒரே தகட்டில் உருட்டிப் பல வண்ணங்களை ஒரே முறையில் அச்சிடும் உத்தியை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். உலோகத் தகட்டை ஆழம் ஆழமாகச் செதுக்கும் வேலையில் அவருடைய சிற்பப் பயிற்சி கைகொடுத்தது.

வெளிநாடு போகாமலே மூலப் படைப்புகளைக் காணும் வாய்ப்பு மெல்ல வளர்ந்தது. 1954இல் டெல்லியில் தேசிய நவீன கலைக்கூடம் திறக்கப்பட்டது. ஷேர்-கில்லின் படைப்புகள் பல அங்கேயே உள்ளன. 1968இல் லலித் கலா அகாடமி தொடங்கிய மூவாண்டுக் கண்காட்சி, பல நாடுகளின் சமகால ஓவியங்களை டெல்லிக்கே கொண்டுவந்தது.