இசைத்தட்டும் திருமுறையும்

சைவம் இசையோடு பிறந்து இசையோடு வளர்ந்த சமயம் என்பது அறிஞர் யாவர்க்கும் ஒப்ப முடிந்ததாம். திருஞானசம்பந்தப் பெருமான் திருப்பதிகம் அருளுந்தோறும் திருநீலகண்ட யாழ்ப்பாணர் அதனை யாழிலிட்டு வாசித்தனர். பொருளும் பண்ணும் உடன்பிறந்த இரட்டையர் எனத் திருமுறையுள் நின்றன. ஆதலின், காலந்தோறும் புதியனவாய்த் தோன்றும் இசைக்கருவிகளும் இசை வழக்குகளும் பத்தி நெறியை வளர்த்தனவா, தளர்த்தனவா என ஆராய்தல் சைவ மக்கட்கு உரிய கடமையாகும். அங்ஙனம் ஆராய்தற்குரிய காலங்களுள் 1970 முதல் 1975 வரையுள்ள சில யாண்டுகள் சிறப்புடையன.

சென்னைக்கு மேற்கே பூவிருந்தவல்லி செல்லும் நெடுஞ்சாலையில் காட்டுப்பாக்கம் என்னும் ஊர் உளது. இன்று மாநகரின் வீடுகளோடு கலந்துவிட்ட இவ்வூர், அந்நாளில் நகர்க்குப் புறத்தே நின்ற சிற்றூராகும். இதன் வடபால் சில கல் தொலைவில் திருவேற்காடு உளது. அது திருஞானசம்பந்தர் பழந்தக்கராகப் பண்ணிற் பாடிய பதி. மூர்க்க நாயனார் தோன்றிய பதியும் அதுவே. தென்மேற்கே குன்றத்தூர் உளது. அது திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமானைத் தந்த ஊர். குமரவேள் குன்றின்மேல் எழுந்தருளிய ஊர். இத்துணைச் சிறப்புடைய நிலத்தின் நடுவே எழுபதுகளில் மக்கள் செவியை நிறைத்த இசை யாது எனின், ஒலிபெருக்கி வாயிலாக வந்த இசைத்தட்டின் இசையே என்க. ஆடித் திங்களில் மாரியம்மன் கோயிலிற் கூழ் வார்க்கும் நாளில், இப்பகுதிச் சிற்றூர்களிலெல்லாம் விடியற்காலையிலேயே கூம்பு வடிவான ஒலிபெருக்கிகள் பாடத் தொடங்கும். அடுத்த ஊரும் அப்பாட்டைக் கேட்கும்.

இம்மாற்றத்திற்குக் கருவியே முதற்காரணம் ஆயிற்று. பழைய இசைத்தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழல்வது. அதன் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட அளவினதாகிய பாட்டே அடங்கும். பதினொரு பாடல்களையுடைய திருப்பதிகம் ஒன்றனை முற்றப் பாடுதற்கு அது சிறிதும் போதாது. அதனால் ஓதுவார் பாடிய தட்டுக்களில் ஓரிரு பாடல்களே இடம்பெற்றன; எஞ்சியவை கேட்போர் அறியாமலே ஒழிந்தன. பின்னர் நிமிடத்திற்கு 45 முறை சுழலும் சிறு தட்டும், 33 முறை சுழலும் நெடுந்தட்டும் வந்தன. நெடுந்தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடம் வரை பாடவல்லது. தேவராய சுவாமிகள் அருளிய கந்தர் சட்டி கவசம், சூலமங்கலம் சகோதரியர் இருவர் குரலில் வீடுதோறும் புகுந்ததற்கு அவர்தம் இனிய குரலோடு இந்நெடுந்தட்டும் துணையாயிற்று. தடையின்றி முற்றும் கேட்கப் பெற்றமையால், எழுத்தறியாத முதியோரும் கவசத்தை நெஞ்சிற் பதித்துக்கொண்டனர்.

அக்காலத்துப் பாடகர் சிலரை ஈண்டு நினைத்தல் தகும். சீர்காழி கோவிந்தராசன், ஞானசம்பந்தர் அவதரித்த பதியிற் பிறந்து, தமிழிசைக் கல்லூரியிற் பயின்று இசைமணிப் பட்டம் பெற்றவர். 1943-இல் நிறுவப்பெற்ற தமிழிசைச் சங்கத்தின் முயற்சி, இவர் வாயிலாக அரங்கினின்றும் தெருவிற்கு இறங்கியது எனலாம். மதுரையிற் பிறந்த டி. எம். சௌந்தரராசன் திரைப்படத்திற்குப் புறம்பாகவும் முருகன் பாடல்கள் பலவற்றைப் பாடித் தந்தார். கே. பி. சுந்தராம்பாள் 'துணைவன்' என்னும் படத்திற் பாடியமைக்காக நாட்டின் சிறந்த பின்னணிப் பாடகி என்னும் விருது பெற்றார். 1970-இல் பத்மஸ்ரீ விருதும் அவரை அடைந்தது.

திரைப்படமும் இத்துறையிற் பெரும்பங்கு கொண்டது. 1971-இல் 'ஆதிபராசக்தி' வெளிவந்தது. 1972-இல் சின்னப்பா தேவர் எடுத்த 'தெய்வம்' வெளிவந்தது. முருகன் திருத்தலங்களின் அருட்செயல்களைக் கூறும் அப்படத்திற்குக் குன்னக்குடி வைத்தியநாதன் இசையமைத்தார். கச்சேரி மேடைக்கே உரியவராகக் கருதப்பட்ட மதுரை சோமு அதில் மருதமலை முருகனைப் பாடினார். பித்துக்குளி முருகதாசர், பெங்களூர் இரமணி அம்மாள், சூலமங்கலம் சகோதரியர் ஆகியோரும் பாடினர். பசனை மடத்திலும் இசையரங்கிலும் ஒலித்த குரல்கள் திரையின் வழியே எளிய மக்களைச் சென்று சேர்ந்தன. 1973-இல் ஏ. பி. நாகராசன் 'காரைக்கால் அம்மையார்' படத்தை எடுத்தார். பேயுருவை வேண்டிப் பெற்ற அம்மையின் வரலாற்றை, திருத்தொண்டர் புராணத்தை ஒருகாலும் விரித்துப் பாராதவரும் அதனால் அறிந்தனர்.

இவர் யாவரினும் ஆடித் திங்களைத் தமக்கே உரியதாக்கிக்கொண்டவர் எல். ஆர். ஈசுவரி. கிறித்தவக் குடியிற் பிறந்து, திரைப்படங்களில் ஆடற்பாட்டுக்களாற் பெயர்பெற்ற இவர், மாரியம்மையையும் திருவேற்காட்டுக் கருமாரியம்மையையும் பாடிய பாடல்கள் எழுபதுகளில் எங்கும் பரவின. உடுக்கையும் பம்பையும் முழங்கும் ஊர்க்கோயில் இசையே அவற்றின் அடிநிலை. பாடியவர் குடி யாது என ஊரார் வினவினாரல்லர். குரலில் நின்ற உருக்கத்தையே ஏற்றுக்கொண்டனர். கண்ணப்பர் குலம் வினவாது அன்பு ஒன்றனையே நோக்கிய பெருமான் சந்நிதியில் இஃது வியப்பன்று.

இவ்வியல்பு தமிழ்நாட்டிற்கே உரியதும் அன்று. இலண்டன் மாநகரில் 1969-இல் ஜார்ஜ் ஹாரிசன் என்னும் இசைஞர், கண்ணன் திருநாமத்தைப் பாடும் அடியார்களைக் கொண்டு இசைத்தட்டு ஒன்றனை வெளியிட, அது மேனாட்டு இளைஞரிடையே பெரிதும் விற்பனையாயிற்று. நாம செபமும் சந்தைப் பொருளோடு ஒருங்கே செல்லுங் காலம் உலகெங்கும் வந்தது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இப்பாடல்கள் எளியன, கூத்திற்குரிய மெட்டின, ஆதலின் சைவத்திற்கு ஒவ்வா என்பாரும் உளர். அவர் திருவாசகத்தை நோக்குவாராக. அம்மானை, பொற்சுண்ணம், தெள்ளேணம், சாழல், பூவல்லி, உந்தி, ஊசல் என்பன எல்லாம் மகளிர் விளையாட்டிலும் வேலையிலும் வழங்கிய பாட்டு வகைகளே. மணிவாசகப் பெருமான் அவற்றை இகழாது எடுத்து, அவற்றுள்ளே சிவஞானத்தைப் பெய்து வைத்தார். ஆகவே எளிய மெட்டு என்பது குற்றமன்று. அம்மெட்டினுள் வைக்கப்படும் பொருள் யாது என்பதே வினா. திருச்சாழலில் வினாவும் விடையுமாக நின்று சிவபரத்துவத்தை நிலைநாட்டியவாறு, இசைத்தட்டுப் பாடல்களுள் மிகப் பல செய்தில. அவை அருளை வேண்டின. வேண்டுவார்க்கு நெறியை உணர்த்துதல் அரிதாயிற்று.

அன்றியும், வேறோர் இழப்பும் நேர்ந்தது. திருவாசகத்து அம்மானையைப் பெண்டிர் தம் வாயாற் பாடினர். சுண்ணம் இடித்த கையே தாளம் இட்டது. ஒலிபெருக்கி வந்தபின் தட்டுப் பாடியது, ஊர் கேட்டது. மாரியம்மன் தாலாட்டை மனப்பாடமாகப் பாடிய முதியோரின் குரல் கூம்பின் ஒலிக்குள் அமிழ்ந்தது. கோயிலுள் ஓதுவார் பண்ணொடு பாடும்பொழுது, வெளியே முழங்கும் பாட்டே உள்ளும் கேட்டது. பிறர் பாடக் கேட்டல் நன்று. தாம் பாடுதல் அதனினும் நன்று. கேட்டல் மிகுந்து பாடுதல் குறைந்தமையே அக்காலத்தின் பெருங்குறை எனலாம்.

இதன் கடுமையைத் திருமுறைகண்ட வரலாறு காட்டும். இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பிகளும் தில்லையில் ஏடுகளைக் கண்டெடுத்தபொழுது, சொற்கள் கிடைத்தன, பண் கிடைத்திலது. எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த அம்மையார் ஒருவரே பண்முறையை வகுத்து உதவினர். ஏடு காக்காததனை ஒரு குடியின் வாய் காத்தது. வாய் ஓய்ந்துவிடின் எவ்வளவு சொற்கள் எஞ்சினும் பண் மாளும் என்பது இதனாற் பெறப்படும்.

எனினும், கருவியை வெறுத்தல் பயனின்று. எழுபதுகளுக்குப் பின் ஒலிநாடா பரவியது. தருமபுரம் ப. சுவாமிநாதன் என்னும் ஓதுவார் பெருமகனார் பாடிய தேவாரப் பதிகங்கள் அதிற் பதியப்பெற்று, ஓதுவார் இல்லாத ஊர்களிலும் ஒலித்தன. மூன்று நிமிடத் தட்டு மறுத்த முழுப் பதிகத்தை நாடா ஏற்றுக்கொண்டது. அதனைக் கேட்டே பண் பயின்றோர் உளர். கருவி வாயை அடைக்கவும் வல்லது. வாய்க்கு ஆசிரியனாகவும் வல்லது. எஃது ஆதல் வேண்டும் என்பது கேட்போர் கையில் உளது.

திருவேற்காட்டிற்கும் குன்றத்தூருக்கும் இடையே வாழும் மக்கள் எழுபதுகளின் பாடல்களை இன்றும் மறந்திலர், மறக்கவும் வேண்டா. அப்பாடல்களாற் கோயில் வாயிலுக்கு வந்த சிறுவர்க்கு, வேற்காட்டுப் பதிகத்தின் ஒரு பாடலையேனும் பண்ணோடு வாயிலிட்டுக் கொடுப்பின், தெருவில் தொடங்கிய இசை திருமுறையிற் சென்று நிறைவெய்தும்.