தீராத கடல்

கல் கட்டிய கூடையை இறக்கினாலே மீன் நிறைந்து மேலே வரும் என்று இன்று யாரேனும் சொன்னால் நாம் சிரிப்போம். 1497இல் ஜான் கபோட்டுடன் நியூஃபவுண்ட்லாந்துக் கடலைக் கண்டு திரும்பியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். லண்டனிலிருந்த மிலான் தூதர் அதைத் தம் கோமகனுக்கு எழுதியும் அனுப்பினார்.

அந்த மீன் காட். உப்பிட்டு உலர்த்தினால் மாதக்கணக்கில் கெடாது. நம் மொழியில் கருவாடு என்றே சொல்லிவிடலாம். நல்ல தரம் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் சென்றது. கழித்துப் போட்டது கரீபியத் தோட்டங்களின் அடிமைகளுக்கு உணவானது. 1883இல் லண்டன் மீன்வளக் கண்காட்சியில் பேசிய தாமஸ் ஹக்ஸ்லி, காட் போன்ற பெருங்கடல் மீன்கள் அநேகமாகத் தீராதவை என்றார். தூண்டிலும் சிறு படகும் ஆண்ட காலத்துக்கு அது பிழையான கணக்கு அன்று.

1954இல் அக்கணக்கு மாறியது. பிடித்த மீனைக் கப்பலிலேயே அறுத்து உறையவைக்கும் பிரிட்டனின் 'ஃபேர்ட்ரை' அவ்வாண்டில்தான் கடலுக்கு வந்தது. அதே ஆண்டில் ஸ்காட் கார்டன் என்ற கனடியப் பொருளியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். யாருக்கும் உரிமையில்லாத கடலில் இன்று நான் விட்டுவைக்கும் மீனை நாளை இன்னொருவன் பிடிப்பான். ஆகவே இலாபம் முற்றிலும் கரையும்வரை படகுகள் வந்துகொண்டே இருக்கும் என்பது அதன் சாரம். மீன் அருகினால் விலை ஏறும், கடல் தானே ஓய்வு பெறும் என்று நம்புவோர் இன்றும் உண்டு. ஏறிய விலை அடுத்த படகுக்கான அழைப்பு என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

பெரும்பாலும் மூன்று லட்சம் டன்னைத் தாண்டாதிருந்த வடபகுதிக் காட் பிடிப்பு, 1968இல் எட்டு லட்சம் டன்னாயிற்று. பின் சரிந்தது. 1977இல் கனடா 200 கடல் மைல் எல்லை வகுத்து அயல்நாட்டுக் கப்பல்களை விலக்கியது. அந்த இடத்தில் தன் சொந்த இழுவைக் கப்பல்களை நிறுத்தியது.

இங்குதான் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. இழுவைக் கப்பல்களின் மடி நிரம்பும் வேகத்தைக் கொண்டே கடலில் எஞ்சிய மீனை அறிஞர்கள் பெரிதும் மதிப்பிட்டனர். ஆனால் காட் குறையக் குறைய ஓரிடத்தில் திரளும். ஒலிமானி அத்திரளைத் தேடிக் காட்டிவிடும். கடல் வறண்டாலும் மடி நிறையும். மீன் சிறுத்துவருகிறது என்று முறையிட்ட கரையோர மீனவர் சொல் சபையேறவில்லை. 1989இல் அறிஞர்களே தம் மதிப்பீட்டைத் திருத்தி, 1,25,000 டன்னோடு நிறுத்தச் சொன்னார்கள். அரசு அனுமதித்தது 2,35,000 டன். குறைத்தால் ஆலைகள் மூடும், ஊர்கள் பட்டினி கிடக்கும் என்பது அரசின் அச்சம். பொய்யான அச்சம் என்று நாம் சொல்லமாட்டோம். மூன்றே ஆண்டுகளில் அது முழுதாகப் பலித்தது.

1992 ஜூலை 1 அன்று பே புல்ஸ் என்னும் சிற்றூரில் மீனவர்கள் மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பியைச் சூழ்ந்தனர். கடலிலிருந்து மீனை எடுத்தவன் நானல்லன் என்று அவர் சீறினார். மறுநாள் தடையை அறிவித்தார். ஏறத்தாழ 30,000 பேர் வேலையிழந்தனர்.

காட் மறைந்த கடலில் நண்டும் இறாலும் பெருகின. சில ஆண்டுகளில், பிடிபட்ட மொத்த மீனின் பணமதிப்பு பழைய அளவையும் மிஞ்சியது. காசுக் கணக்கில் அந்தக் கடலுக்கு இழப்பே இல்லை! ஆயினும் காட் அறுத்து வாழ்ந்த பல ஊர்களில் இளையோர் தங்கவில்லை.

ஈராண்டுக்கென்று வந்த தடை 32 ஆண்டுகள் நீடித்தது. 2024இல் நீங்கியபோது அனுமதித்த அளவு 18,000 டன். அதில் இழுவைக் கப்பல்களுக்கும் ஒரு பங்கு உண்டு.