விழுப்புரத்தில் நின்ற மின்தடம்: புதுச்சேரிக் கிளைப்பாதையும் முத்தியால்பேட்டையின் பயணத் தேவையும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னைக் கடற்கரை – தாம்பரம் இருப்புப்பாதை 1931இல் மின்மயமானது. 1960களில் மின்தடம் விழுப்புரம் வரை நீண்டது. அங்கிருந்து 38 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரிக்கு அது வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின. வந்துசேர்ந்த பின்னரும் புதுச்சேரிக்குப் புறநகர்ச் சேவை என்று சொல்லத்தக்க ஒன்று அமையவில்லை. மின்மயமாக்கலும் புறநகர்ச் சேவையும் ஒரே கோரிக்கையாகப் பேசப்பட்டு வருவது இந்நிலைக்கு ஒரு காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். மூன்று காலக்கட்டங்களில் மூன்று வெவ்வேறு நோக்கங்களுக்காக மின்கம்பி இழுக்கப்பட்டதையும், அந்நோக்கங்களில் முதலாவது மட்டுமே அன்றாடப் பயணியை மையமாகக் கொண்டிருந்ததையும் புதுச்சேரி நகரின் வடபகுதியான முத்தியால்பேட்டையை நோக்குநிலையாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, முத்தியால்பேட்டை, விழுப்புரம், தென்னிந்திய இரயில்வே, மின்மயமாக்கல், புறநகர்ச் சேவை.

1. முன்னுரை

புதுச்சேரி நகரின் புல்வார் வளையத்துக்கு வடக்கே அமைந்தது முத்தியால்பேட்டை. நெசவாளர் குடியிருப்பாக வளர்ந்த இப்பகுதி, பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் எல்லைப் பகுதியாகவும் இருந்தது. அதற்கு வடக்கே உள்ள கோட்டக்குப்பம் அன்று பிரித்தானிய இந்தியாவைச் சேர்ந்தது. இன்று தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. புதுச்சேரி இரயில் நிலையமோ நகரின் தென்முனையில் உள்ளது. முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து நிலையத்தை அடைய நகரம் முழுவதையும் கடந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் செல்ல வேண்டும். சென்னை செல்லும் கடற்கரைச் சாலை இப்பகுதியின் வாயிலிலேயே தொடங்குகிறது. இரயிலில் செல்பவரோ முதலில் தெற்கே நடந்து, பின்பு மேற்கே விழுப்புரம் சென்று, அதன் பிறகே வடக்கே திரும்ப வேண்டும். எழும்பூர் – விழுப்புரம் தொலைவு ஏறத்தாழ 159 கிலோமீட்டர். கிளைப்பாதையையும் சேர்த்தால் இருநூறு கிலோமீட்டரை நெருங்கும். சாலைவழித் தொலைவு இதைவிடக் கணிசமாகக் குறைவு.

இந்தக் கோணல் எவ்வாறு ஏற்பட்டது, மின்மயமாக்கல் அதனை ஏன் நேராக்கவில்லை என்னும் இரு வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

2. எல்லையால் அமைந்த கிளைப்பாதை

1870களில் தென்னிந்திய இரயில்வேயின் முதன்மைப் பாதை திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே சென்றது. புதுச்சேரி அப்பாதையில் இடம்பெறவில்லை. பிரெஞ்சு ஆட்சிப்பகுதி ஒரே நிலப்பரப்பாக இல்லாமல் பிரித்தானியப் பகுதிகளுக்கிடையே துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. ஆதலால் பாதை அமைக்க இரு அரசுகளும் உடன்பட வேண்டியிருந்தது. 1878இல் புதுச்சேரி இரயில்வே நிறுவனம் இலண்டனில் தோற்றுவிக்கப்பட்டது. 1879 டிசம்பரில் விழுப்புரம் – புதுச்சேரி மீட்டர் பாதை திறக்கப்பட்டது. பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த ஏறத்தாழ எட்டு மைல் பகுதி அந்நிறுவனத்துக்கு உரியது. வண்டிகளை ஓட்டும் பொறுப்பு தென்னிந்திய இரயில்வேயைச் சார்ந்தது.

அன்று இப்பாதையின் பொருளியல் அடிப்படை சரக்குப் போக்குவரத்தே. 1866இல் கட்டப்பட்ட இரும்புக் கடற்பாலம் புதுச்சேரியின் ஏற்றுமதிக்கு வாயிலாக இருந்தது. உள்நாட்டில் விளைந்த நிலக்கடலை இத்துறைமுகம் வழியாக மார்சேய் போன்ற பிரெஞ்சுத் துறைமுகங்களுக்குச் சென்றது. உள்நாட்டு விளைச்சலைக் கடலுக்குக் கொண்டுவரும் பாதைக்கு நிலையம் நகரின் தென்புறத்தில் அமைந்தது குறையாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. முதலியார்பேட்டையில் எழுந்த ரோடியர் ஆலையும் இதே தென்பகுதியைச் சார்ந்தது. வடக்கே முத்தியால்பேட்டையில் கைத்தறி நெய்தவர்களின் தெருக்களை இருப்புப்பாதை தொடவே இல்லை.

எல்லையின் தாக்கம் பயணிகளையும் விடவில்லை. 1941இல் ஏற்பட்ட சுங்க ஒன்றிய உடன்பாடு தடைகளைத் தளர்த்தியது. 1949இல் அது முடிவுக்கு வந்தபோது சுங்கவேலி மீண்டும் எழுந்தது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி நடைமுறையில் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படியும் நிறைவுற்றது. அரசியல் எல்லை அகன்றது. ஆனால் அவ்வெல்லையைக் கருத்திற்கொண்டு போடப்பட்ட பாதை அப்படியே நின்றது. புதுச்சேரி ஒரு கிளைப்பாதையின் கடைசி நிலையமாகவே சுதந்திர இந்தியாவின் இரயில் வரைபடத்துக்குள் நுழைந்தது.

3. முதல் மின்தடம்: கடற்கரை – தாம்பரம், 1931

இந்தியாவின் முதல் மின்சார இரயில் 1925 பிப்ரவரி 3இல் பம்பாயில் விக்டோரியா முனையத்துக்கும் குர்லாவுக்கும் இடையே ஓடியது. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1931இல், சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையிலான மீட்டர் பாதையில் தென்னிந்திய இரயில்வே மின்தொடர் வண்டிகளை இயக்கியது. 1500 வோல்ட் நேர்மின்னோட்டம் பயன்படுத்தப்பட்டது.

இத்திட்டத்தின் நோக்கத்தை அதன் வடிவமே காட்டுகிறது. ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தடத்தில் இன்று 18 நிலையங்கள் உள்ளன, சராசரியாக 1.7 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம். இவ்வாறு அடிக்கடி நின்று புறப்படும் வண்டிக்கு நீராவி எஞ்சின் பொருந்தாது. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்து விரைவாக வேகம் பிடிக்கும். இருமுனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுசெல்லும் வேலையும் இல்லை. எனவே அதே பாதையில் கூடுதல் வண்டிகளை ஓட்ட முடிந்தது. 1920களில் தியாகராய நகர் உருவாகிக்கொண்டிருந்தது. மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம் ஆகியவை நகரத்தோடு நெருங்கிவந்தன. மின்கம்பி, நெருக்கமான நிலையங்கள், அடுத்தடுத்த வண்டிகள் ஆகிய மூன்றும் ஒரே திட்டத்தின் உறுப்புகளாக இருந்தன. தமிழகத்தில் ‘மின்சார வண்டி’ என்ற சொல்லே ‘புறநகர் வண்டி’ என்ற பொருளைப் பெற்றது இதனால்தான். பிற்காலக் குழப்பத்துக்கு வித்தும் இச்சொல் வழக்கிலேயே உள்ளது.

4. இரண்டாம் மின்தடம்: விழுப்புரம் வரை

1960களில் தாம்பரத்துக்குத் தெற்கே விழுப்புரம் வரை மீட்டர் பாதை மின்மயமானது. இப்போது 25 கிலோவோல்ட் மாறுமின்னோட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. பழைய கடற்கரை – தாம்பரம் பகுதியும் 1967இல் அதே முறைக்கு மாற்றப்பட்டது. இத்தடத்துக்கென ஜப்பானிலிருந்து 20 மின் எஞ்சின்கள் தருவிக்கப்பட்டன.

தருவிக்கப்பட்டவை எஞ்சின்கள் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. நெடுந்தொலைவு விரைவு வண்டிகளையும் சரக்கு வண்டிகளையும் இழுப்பதே அவற்றின் முதன்மைப் பணி. நீராவிக்கு மாற்றாக ஆற்றல் மிகுந்த இழுவை வேண்டும் என்பது அன்றைய இரயில்வேயின் தேவை. திண்டிவனத்திலோ மேல்மருவத்தூரிலோ தாம்பரத்தைப் போன்ற புறநகர்ச் சேவை எழவில்லை. கம்பி தலைக்கு மேலே இருந்தது; கால அட்டவணையோ பழைய பாசஞ்சர் வண்டிகளின் அட்டவணையாகவே இருந்தது.

மின்தடம் விழுப்புரத்தில் நின்றதற்குப் புரிந்துகொள்ளத்தக்க காரணங்கள் உண்டு. விழுப்புரம் பல பாதைகள் கூடும் சந்திப்பு. எஞ்சின் மாற்றுவதற்கு ஏற்ற இடம். முதன்மைப் பாதையின் இழுவையை மட்டும் கருதும் திட்டத்தில் கிளைப்பாதைக்கு இடமிருக்க முடியாது. ஒரு யூனியன் பிரதேசத்தின் தலைநகரம் அக்கிளையின் முடிவில் உள்ளது என்பது இழுவைக் கணக்கில் வரும் செய்தியன்று.

5. மூன்றாம் மின்தடம்: புதுச்சேரி

1990களில் முதன்மைப் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டபோது செங்கல்பட்டுக்குத் தெற்கே இருந்த மீட்டர் பாதை மின்தடம் பயனிழந்தது. அகலப்பாதைக்கு மீண்டும் புதிதாகக் கம்பி இழுக்கப்பட்டது. கடற்கரை – தாம்பரம் மீட்டர் பாதைச் சேவை 2004இல் முடிவுற்றது. விழுப்புரம் – புதுச்சேரிப் பாதையும் 2000களின் முற்பகுதியில் அகலப்படுத்தப்பட்டு, பின்னர் மின்மயமானது. இன்று சென்னை எழும்பூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே மெமு வகை வண்டி ஓடுகிறது.

இம்மூன்றாம் கட்டத்தின் நோக்கமும் வேறானது. இறக்குமதி டீசலைக் குறைப்பதற்காக நாட்டின் அகலப்பாதைகள் அனைத்தையும் மின்மயமாக்குவது இரயில்வேயின் தேசியக் கொள்கையாயிற்று. எரிபொருள் செலவு குறைகிறது. ஒரே எஞ்சின் முழுத் தொலைவும் செல்கிறது. இவை உண்மையான நன்மைகளே. ஆனால் வில்லியனூரிலிருந்து நாள்தோறும் வேலைக்குச் செல்பவருக்கு எத்தனை வண்டிகள் கிடைக்கும் என்ற வினாவை இக்கொள்கை எழுப்புவதே இல்லை. முத்தியால்பேட்டையில் வாழ்பவருக்கு நிலையம் பழைய இடத்திலேயே உள்ளது. கம்பி வந்ததால் அது ஓரடிகூட நெருங்கிவரவில்லை.

6. புறநகர்ச் சேவையை நீட்டித்தல்: இரு தரப்பு

சென்னைப் புறநகர்ச் சேவையைத் திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி வரை நீட்டிக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு எதிராக மூன்று வாதங்கள் வலுவானவை. ஒன்று, தொலைவு. புறநகர் மின்தொடர் வண்டி ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பயணத்துக்காக வடிவமைக்கப்பட்டது. அதில் கழிப்பறை இல்லை, உயர்ந்த நடைமேடையும் வேண்டும். இருநூறு கிலோமீட்டருக்கு அது ஏற்றதன்று. இரண்டு, பாதையின் கொள்ளளவு. தென் மாவட்ட விரைவு வண்டிகள் பெரும்பாலானவை விழுப்புரம் வழியாகவே செல்கின்றன. இடையிடையே நின்று செல்லும் வண்டிகளைக் கூட்டினால் அவை தடைப்படும். மூன்று, கிளைப்பாதை ஒற்றைப் பாதை. எதிர்வரும் வண்டி அடுத்த நிலையத்தை அடையும்வரை இங்குள்ள வண்டி காத்திருக்க வேண்டும்.

இவ்வாதங்கள் சென்னை வண்டியை அப்படியே புதுச்சேரிக்குக் கொண்டுவருவதற்கு எதிரானவை; புதுச்சேரிக்கெனத் தனிப் புறநகர்ச் சேவை அமைப்பதற்கு எதிரானவை அல்ல. வளவனூர், சின்னபாபு சமுத்திரம், வில்லியனூர் ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்லும் 38 கிலோமீட்டர், கடற்கரை – தாம்பரம் தடத்தைவிட ஒன்பது கிலோமீட்டரே கூடுதல். தாழ்ந்த நடைமேடையிலும் ஏறத்தக்க படிகளுடைய மெமு வண்டி அதற்குப் போதும். தேவைப்படுபவை வண்டிகள் ஒன்றையொன்று கடக்கக் கூடுதல் இடங்கள், நகரை ஒட்டிய புதிய நிறுத்தங்கள், விழுப்புரத்தில் சென்னை வண்டியோடு பொருந்தும் நேரங்கள், நிலையத்திலிருந்து முத்தியால்பேட்டை போன்ற வடபகுதிகளுக்கு வண்டி நேரத்தை ஒட்டிய பேருந்துகள் ஆகியவையே. இவற்றுள் எதுவும் ‘மின்மயமாக்கல்’ என்ற தலைப்பின்கீழ் வராது. ஆகவே மின்மயமாக்கல் நிறைவுற்றதும் கோரிக்கையும் நிறைவேறிவிட்டதாகத் தோற்றம் ஏற்படுகிறது.

நிர்வாக எல்லையும் கருதத்தக்கது. சென்னைப் புறநகர்ச் சேவை தெற்கு இரயில்வேயின் சென்னைக் கோட்டத்தைச் சேர்ந்தது. விழுப்புரமும் புதுச்சேரியும் திருச்சிராப்பள்ளிக் கோட்டத்தைச் சேர்ந்தவை. பயணியின் வழி ஒன்று. அதைத் திட்டமிடும் அலுவலகங்கள் இரண்டு.

கோணலை நேராக்கும் வேறொரு திட்டமும் ஏட்டில் உள்ளது. சென்னைப் பெருங்குடியிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் செல்லும் ஏறத்தாழ 179 கிலோமீட்டர் கடற்கரைப் பாதை அது. நிறைவேறினால் புதுச்சேரி கிளையின் முனையாக இல்லாமல் பாதையின் நடுநிலையமாகும். வண்டிகள் வடக்கிலிருந்தும் நகருக்குள் வரும். அது இன்னும் நிலத்தில் உருப்பெறவில்லை. இதற்கிடையே 2025–26 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கை சென்னை – செங்கல்பட்டு – திண்டிவனம் – விழுப்புரம் இடையே 167 கிலோமீட்டருக்கு மண்டல விரைவுப் போக்குவரத்துத் தடம் பற்றிய சாத்தியக்கூறு ஆய்வை அறிவித்தது. மாநில அரசின் திட்டம் மாநில எல்லைக்குள் முடிவது இயல்பே. எனினும் 1960களின் மின்தடம் நின்ற அதே விழுப்புரத்தில் இத்தடமும் நிற்கிறது என்பதை வரலாற்று ஆய்வாளர் கவனிக்காமல் கடக்க இயலாது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, 1931, 1960கள், அண்மைக்காலம் ஆகிய மூன்று கட்டங்களிலும் மின்மயமாக்கலின் நோக்கம் முறையே நகரப் பயணி, இழுவை ஆற்றல், எரிபொருள் சிக்கனம் என மாறியது. இரண்டாவது, பயணியை நோக்கமாகக் கொண்ட முதல் கட்டம் மட்டுமே புறநகர்ச் சேவையைத் தந்தது. கம்பி தானாக வண்டிகளைப் பெருக்குவதில்லை. மூன்றாவது, புதுச்சேரியின் இடர்ப்பாடு 1878இன் எல்லையில் தோன்றி, எல்லை மறைந்த பின்னும் பாதையின் வடிவிலும் நிர்வாகப் பிரிவிலும் தொடர்கிறது.

எனவே இனிவரும் விவாதம் ‘மின்மயமாயிற்றா’ என்பதிலிருந்து ‘ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வண்டி, எந்தெந்த இடத்தில் நிறுத்தம்’ என்பதற்கு நகர வேண்டும். முத்தியால்பேட்டையிலிருந்து காலையில் புறப்பட்டு விழுப்புரத்தில் வேலை பார்த்து மாலையில் வீடு திரும்பும் ஒருவருக்கு இருப்புப்பாதை பயன்படுகிறதா என்பதே அதன் உரைகல். கிளைப்பாதை திறக்கப்பட்டு நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகள் கடந்த பின்னரும் அவர் பேருந்து நிறுத்தத்தை நோக்கியே நடக்கிறார்.