சாலையும் கஷாயமும்

திருச்சியில் 'சாலை ரோடு' என்று ஒரு தெரு உண்டு. ஒன்றையே இரண்டு மொழியில் சொல்கிறார்களே என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் பழைய கல்வெட்டுகளில் சாலை என்றால் வழி மட்டுமல்ல. ஆட்கள் தங்கி உண்டு பயிலும் கூடமும் அதுதான். காந்தளூர்ச் சாலை அந்த வகை. பாடசாலையில் அந்தப் பொருள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நோயாளிகள் தங்கும் கூடத்துக்கு ஆதுலர்சாலை என்று பெயர். ஆதுரர், நோயுற்றவர். ரகரம் லகரமாகி ஆதுலர் ஆனது. பிற்பாடு அகராதியில் 'வறியவர்' என்ற பொருளும் சேர்ந்தது. நோய் வந்தால் கையில் காசு நிற்காது என்பது சொல்லுக்கும் தெரிந்திருக்கிறது!

சோழ மன்னன் வீரராசேந்திரனின் 11ஆம் நூற்றாண்டுத் திருமுக்கூடல் கல்வெட்டில் இப்படி ஒரு சாலை, 15 படுக்கைகளோடு. வைத்தியர், அறுவை செய்பவர் தவிர, மூலிகை பறித்து விறகு கொணர்ந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிக்கு அதைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர். இருப்பு வைத்த மருந்துகளில் வாசாஹரீதகியும் ஒன்று. வாசா நம் ஆடாதோடை, ஹரீதகி கடுக்காய். எனக்கு அரசன் பெயரைவிட அந்த விறகு முக்கியம். சித்த மருத்துவக் கணக்கில் குடிநீரின், அதாவது கஷாயத்தின், ஆயுள் 3 மணி நேரம், ஒரு சாமம். காலையில் காய்ச்சியது மாலைக்கு உதவாது. எனவே பச்சிலை வைத்தியத்துக்கு வைத்தியர் மட்டும் போதாது. அணையாத அடுப்பும் அதைக் கவனிக்க ஆளும் வேண்டும். அதற்குத்தான் சாலை.

ஸ்ரீரங்கத்தில் பெயர் மாறுகிறது. 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு 'ஆரோக்கியசாலை' என்கிறது. போசளர் காலத்தில் கோயிலுக்குள் எழும்பிய கூடம், படையெடுப்பில் சிதைந்தது. கருடவாகன பட்டர் என்பவர் அதைப் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்தார். பெருமாளுக்கு நாள்தோறும் கஷாயம் அமுது செய்விக்கவும் ஏற்பாடானது. ஆதுலர்சாலை உள்ளே வருபவரின் பெயரால் அமைந்தது; ஆரோக்கியசாலை அவர் எப்படி வெளியே போகவேண்டும் என்பதைச் சொல்கிறது. மருந்தை நைவேத்தியமாக்கியவர்களின் துணிச்சல் எனக்குப் பிடிக்கிறது.

பிறகு ஆஸ்பத்திரி வந்தது, மருத்துவமனை வந்தது. சாலை தார் ரோடாகிவிட்டது. யாழ்ப்பாணத்திலோ போதனா வைத்தியசாலை என்றே இன்றும் சொல்கிறார்கள்.

டெங்குவுக்கு நிலவேம்புக் குடிநீரும், 2020இல் கபசுரக் குடிநீரும் தமிழ்நாட்டில் ஊரெல்லாம் ஓடின. முகாமில் காய்ச்சி ஊற்றியதுபோக, பொட்டலப் பொடியாகவும் வீட்டுக்கு வந்தது. நிலவேம்புக் குடிநீரில் சரக்கு 9. பறிப்பதும் உலர்த்துவதும் இடிப்பதும் வேறெங்கோ முடிந்துவிடும். தண்ணீர் விட்டு வற்றக் காய்ச்சி, வடிகட்டி, ஆறுமுன் குடிக்கவைக்கும் வேலை மட்டும் மிச்சம். பெரும்பாலும் அதைச் செய்பவர் அம்மா. திருமுக்கூடலில் அதற்குக் கூலி உண்டு.