உம்மா: ஒரு சொல் வந்த வழி

கிழக்கிலங்கையின் முஸ்லிம் ஊரான நிந்தவூரில் தாயை அழைக்கும் சொல் ‘உம்மா’. அடுத்த ஊரான காரைதீவின் தமிழ்ப் பிள்ளை ‘அம்மா’ என்கிறது. இரண்டு ஊர்களும் அக்கம்பக்கம். சொல்லில் மாறுவதும் முதலெழுத்து ஒன்றுதான். ஆனால் அந்த ஓரெழுத்துக்குப் பின்னால் அரபிக்கடல் இருக்கிறது.

அரபியில் தாய் ‘உம்மு’; பன்மை ‘உம்மஹாத்’. நபிகள் நாயகத்தின் துணைவியர் ‘உம்மஹாத்துல் முஃமினீன்’, நம்பிக்கையாளர்களின் அன்னையர். மக்காவுக்கு ‘உம்முல் குரா’, ஊர்களின் தாய், என்று பெயர். இச்சொல் தமிழ் வாய்க்கு வந்ததும் அக்கா, மாமா போல ஆகாரத்தில் முடிந்தது; வேற்றுமையும் ஏற்றது. ‘உம்மாட ஊடு’ என்னும்போது வேர் மட்டுமே அரபி, மற்றதெல்லாம் கிழக்கிலங்கைத் தமிழ். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கேரளத்து மாப்பிள்ளைமாரிடமும் இதே உம்மாதான். கடல்வணிகம் தொட்ட கரைகள் இவை. பாட்டியோ ‘மூத்தம்மா’. பழைய ‘அம்மா’ அந்தச் சொல்லுக்குள் பத்திரமாக இருக்கிறது.

மகரம் ஒலிக்கும் தாய்ச் சொற்கள் வேறு மொழிகளிலும் உண்டு. ஆனால் இலத்தீனில் தாயைக் குறிக்கும் ‘மாத்தேர்’ வேறு கதை. அதற்கும் சமஸ்கிருத ‘மாத்ரு’வுக்கும் மூலம் ஒன்று. ஆகவே வேளாங்கண்ணி மாதாவின் ‘மாதா’வுக்கு அது தூரத்து உறவு. உம்மா அந்தக் குடும்பமே அல்ல. எபிரேயத்தின் ‘ஏம்’, அக்காடியத்தின் ‘உம்மு’ ஆகியவற்றோடு அது செமித்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பிறகு ஏன் எல்லாவற்றிலும் மகரம்? பால் குடிக்கும் குழந்தை, உதடு மூடியபடி மூக்கால் முனகும் ஒலியே அது என்று மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1960இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். ஒலி ஒத்திருப்பதால் மட்டும் மொழிகள் உறவாகிவிடா.

அழைக்கும் சொல் அரபியானாலும் தாய்க்குரிய இடம் இந்த மண்ணின் வழக்கப்படியே நின்றது. அரபு மரபில் வம்சம் தந்தைவழி. நிந்தவூர் போன்ற அம்பாறைக் கரை முஸ்லிம் ஊர்களிலோ ‘குடி’ எனப்படும் வம்சக் குழு தாய்வழி. மட்டக்களப்புத் தமிழரிடமும் அதே முறை. ஒரே குடிக்குள் மணம் கூடாது என்பது பழைய விதி. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிகளின் சார்பாக மரைக்கார்கள் அமர்ந்தார்கள். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். அவருடைய பிள்ளைகள் உம்மாவின் குடியில் சேர்வார்கள்.